கத்திப் பிடியில் கற்பூர வாசம்

என் வயதுக்காரிகள்தான் இதைப் படிப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். தாராவியில் நாலாவது வரைக்கும் படித்த தமிழ்தான் என்னுடையது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச எனக்கு எப்போதும் வராது. எழுதினால் வருகிறது. என் மகனுக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும், அரைப் பக்கம் தாண்ட மாட்டான். அந்தத் தைரியமும் ஒன்று.

மகனுக்கு ஆபீஸ் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பழைய சாமான் சந்தை எங்கே கூடுகிறதோ அங்கே போய்விடுவான். மற்றவர்கள் கடிகாரம், பித்தளை விளக்கு என்று தேடுவார்கள். இவனுக்கு மடக்குச் சவரக்கத்தி. தோல்வாரில் தீட்டித் தீட்டி, கன்னத்தை இழுத்துப் பிடித்துச் சவரம் செய்வார்களே, அந்தக் கத்தி. செம்பூர் வீட்டில் சாப்பாட்டு மேஜைமேல் பேப்பரை விரித்து வரிசையாக அடுக்கி, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

"சோறு வைக்கிற எடத்துல எவனெவன் தாடிய வழிச்ச கத்தியோ" என்று மருமகள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போவாள்.

"ஹிஸ்டரி இது, உனக்கு எங்க தெரியும்" என்பான். பிறகு என்னைக் கூப்பிடுவான். "அம்மா, இங்க பாரு. அலகோட வால்ல முத்திரை இருக்கும். எந்த ஊர்ல செஞ்சதுன்னு அதுல தெரிஞ்சிடும். முத்திரை தேஞ்சு போச்சுன்னா பிடியைப் பார்க்கணும். கொம்பா, எலும்பா, தந்தமான்னு."

நான் "ம்" என்று கேட்டுக்கொள்வேன். கொம்பை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே புகை மாதிரி ஓடும், எலும்பில் ஊசி குத்தினது மாதிரி கறுப்புப் புள்ளி இருக்கும், தந்தத்தில் கோடும் கோடும் குறுக்கே வெட்டும். இதெல்லாம் எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். அவனிடம் சொன்னதில்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பான்.

போன மழைக்காலத்தில் ஒரு கத்தியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். வெண்ணெய் நிறத்தில் பிடி. "அம்மா, ஏக்தம் தந்தம், சுத்தத் தந்தம்" என்றான். பிறகு அவனுக்கே சந்தேகம் வந்து, பெருவிரலைப் பிடிமேல் வைத்துச் சூடு வரும்வரை தேய்த்து மூக்கில் வைத்தான். முகம் விழுந்துவிட்டது.

"சே. செல்லுலாய்ட். கபூர் வாசன அடிக்குது."

"கற்பூரமா?"

"ஆமாமா. இந்தத் தகட்டச் செய்யும்போதே கபூர் போட்டுத்தான் செய்வாங்களாம். நெஜ கபூர். அதான் தேச்சா வாசன வருது. யாரோ பின்னாடி பிடி மாத்தியிருக்கான். பாரு, ரெண்டு தகட்டுக்கும் நடுவுல ஆப்புக்கு ஈயம் வைப்பாங்க. இவன் என்னமோ மரத்த வச்சிருக்கான். என்ன மரம்னே புரியல."

கையில் வாங்கிப் பார்த்தேன். மரம் இல்லை, சிரட்டை. தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்துப் பாலீஷ் போட்டு ஆப்பு வைத்த ஆள் பம்பாய் முழுக்க ஒருத்தர்தான். என் அப்பா.

பெருவிரலை வைத்துத் தேய்த்தேன். மோந்து பார்த்தேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "பி.பி. மாத்திரை போட்டியா" என்று மகன் கேட்டான்.

தாராவியில் நாங்கள் இருந்தது ஒரே அறை. மேலே பரண், அதற்கு மேலே தகரம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை. அத்தைக்கு அப்போது இருபது வயது. ஊரில் யாரும் இல்லை என்று அப்பா கூட்டிக்கொண்டு வந்திருந்தார். என்னைக் குளிப்பாட்டுவது, சடை பின்னுவது, கணக்குத் தப்பினால் கொட்டுவது எல்லாம் அத்தைதான்.

பிடி உடைந்த கத்திகளைச் சந்தை வியாபாரி கோணிப்பையில் கொண்டுவந்து கொட்டுவார். அப்பா பழைய பிடியைக் கழற்றிவிட்டுப் புதுசு போடுவார். பழைய பிடியில் கொம்பைத் தனியாக, எலும்பைத் தனியாகப் பிரித்து வைப்பது என் வேலை. புதுப் பிடிக்குத் தகடு வரும். எங்கள் பக்கத்து மராத்திக்காரர்கள் அதைக் கச்சகடா என்பார்கள். பொம்மை, சீப்பு எல்லாம் அதில்தான் செய்வார்கள். கறுப்பு, தேன் நிறம், தந்தத்தைப் போல வரி ஓடிய வெள்ளை. அரத்தால் அப்பா ராவும்போது அறை முழுக்கக் கோவில் மாதிரி மணக்கும்.

அப்பா தகடு வேலை செய்கையில் அடுப்பு எரியக் கூடாது. பீடிகூட வெளியே போய்த்தான் பிடிப்பார். துண்டு துணுக்குகளைத் தண்ணீர் வாளியில் போட்டுவைத்து வியாபாரியிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். ஏன் என்று எனக்குச் சொன்னதில்லை. ஒரு நாள் நான் வெள்ளைத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தபோது, "அதத் தொட்டா கையில வெள்ள விழும். வெரலு ஒண்ணொண்ணா உதுந்துரும்" என்றார்.

இப்போது நினைத்தால் அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. தீப்பிடிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிள்ளைக்கு நிஜத்தைச் சொல்வதைவிடப் பயத்தைச் சொல்வது லேசு என்று நினைத்துவிட்டார். நான் எட்டு நாள் என் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் உதிரவில்லை. அப்பா சொன்னது பொய் என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்த வருஷம் ஆடியில் மழை விடவே இல்லை. சாக்கடை வாசல்வரை வந்து போகும். சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, ஆவணியில் முகூர்த்தம். மாப்பிள்ளை மாட்டுங்கா பக்கம் ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை. அதனால் ஆடி வெள்ளி ஒன்றையும் விடாமல் அம்மனுக்கு விளக்கு வைக்க வேண்டும் என்று அத்தை நேர்ந்திருந்தாள்.

முதல் வெள்ளிக்கு முந்தின நாள் கற்பூர டப்பாவைத் திறந்தாள். காலி. காற்றுப் பட்டுக் கரைந்து போயிருந்தது. "மைனி, கற்பூரம் இல்லியே" என்று அம்மாவிடம் சொன்னாள். "நாளைக்குப் பாப்போம்" என்றாள் அம்மா. அத்தையின் முகம் வாடினதை நான் பார்த்தேன்.

அன்றைக்கு மத்தியானம், யாரும் இல்லாதபோது, வெள்ளைத் தகட்டில் நகத்தளவு துண்டை அடுப்புக் கங்கில் போட்டுப் பார்த்தேன். புஸ்ஸென்று எழும்பி, பால் மாதிரி வெள்ளையாக எரிந்து, சாம்பல் இல்லாமல் போய்விட்டது. கற்பூர மணம். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். அப்பா ஒளித்து வைத்திருப்பது கற்பூரம்தான், கேட்டால் தீர்ந்துவிடும் என்றுதான் பயம் காட்டுகிறார் என்று நினைத்தேன். வாளியில் போடுவதற்கு முன் வெள்ளைத் துண்டுகளைப் பொறுக்கி, தேய்த்து, சின்னச் சின்னதாக உடைத்து டப்பாவை நிறைத்து வைத்தேன்.

அத்தை வாங்கினாள் என்று அம்மா நினைத்தாள். அம்மா வாங்கினாள் என்று அத்தை நினைத்தாள்.

முதல் வெள்ளி, அத்தை இரண்டு துண்டைத் தட்டில் வைத்துப் பற்ற வைத்தாள். ஜுவாலை அவள் நெற்றி உயரத்துக்கு எழும்பியது. வாசலில் நின்ற பெண்கள் குலவை இட்டார்கள். "ஆத்தா வந்துட்டாள்லா" என்று ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்து அறையில் காயல்பட்டினத்துக்காரர்கள் இருந்தார்கள். அந்த வீட்டம்மா மட்டும் மூக்கை உறிஞ்சிவிட்டு, "வாசம் கற்பூர வாசந்தான். வேகம் அப்படி இல்லியே" என்றாள். "உங்களுக்கு எங்க சாமியப் பத்தி என்ன தெரியும் பாத்தும்மா" என்று யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டாவது வெள்ளி சந்து நிறையக் கூட்டம். அத்தை நாலைந்து துண்டு வைத்தாள். நெருப்பு எழும்பினதும் அத்தையின் உடம்பு ஆடத் தொடங்கியது. அதற்கு முன்னால் அவள் அருள் வந்து ஆடினதே இல்லை. தலைமுடி அவிழ்ந்து, கண் மேலே போய், வேறு குரலில் பேசினாள். எதிர் அறைக்காரியைப் பார்த்து, "ஒம் புருசன்ட்ட இருந்து எட்டு நாளையில சேதி வரும்" என்றாள். வந்துவிட்டது. மூன்றாம் நாளே கடுதாசி வந்துவிட்டது. அதற்குப் பிறகு கிழவிகள்கூட அத்தையின் காலைத் தொட்டார்கள். குழாயடியில் குடத்தை வரிசையில் வைக்காமலே அவளுக்கு முதலில் தண்ணீர் விட்டார்கள். அத்தை நடக்கிற நடையே மாறிப்போயிற்று. நான் ஒரு மூலையில் நின்று, இதெல்லாம் என்னால் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வெள்ளிக்கு மாப்பிள்ளையின் அம்மாவே வருவதாகச் சொல்லி அனுப்பினாள். மருமகள்மேல் அம்மன் இறங்குவதைப் பார்க்க வேண்டுமாம். அந்த வாரம் அப்பாவுக்கு நிறையத் தகடு வந்திருந்தது. மழைக்குப் பயந்து, வெளியே வைக்காமல் பரணுக்குக் கீழே கோணியில் சுற்றி வைத்திருந்தார். எல்லா வெள்ளியும் போல அன்றும் சாயங்காலம் அவர் வியாபாரியைப் பார்க்கப் போய்விட்டார்.

விளக்கு வைக்கிற நேரம். வெளியே கொட்டுகிறது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முன்வரிசையில் பலகை போட்டிருந்தது. அவள் பட்டுச் சேலையை முழங்காலுக்கு மேலே சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. வந்தவளுக்குக் குறைவாகக் காட்டக் கூடாது என்று அத்தை டப்பாவில் பாதியைத் தட்டில் கவிழ்த்தாள். மீதி டப்பா திறந்தபடி இடது கையில்.

கங்கில் நகத்தளவு துண்டு எழும்பின வேகம் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. "அத்தை, ரொம்ப வைக்காதீங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தனை பெண்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்று கூச்சமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

தீக்குச்சி பட்டதும் வந்த சத்தம் கற்பூரச் சத்தம் இல்லை. பெரிய பாம்பு சீறின மாதிரி. ஜுவாலை தட்டிலிருந்து தாவி டப்பாவுக்குள் போயிற்று. பெண்கள் முதலில் குலவைதான் இட்டார்கள். அத்தை தட்டைக் கீழே போடவில்லை. ஆரத்தித் தட்டைக் கீழே போடக் கூடாது என்று சின்னப் பிள்ளையிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அவள் கை எரிகிறது, அவள் அம்மனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிறகுதான் யாரோ அலறினார்கள். ஒரு பொறி கோணிமேல் விழுந்தது. மஞ்சளாகப் புகை வந்தது. காயல்பட்டினத்தம்மாதான் என்னைச் சடையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். ஆண்கள் மேல்தகரத்தைப் பெயர்த்துத் தள்ள, மழையே உள்ளே இறங்கி அணைத்தது. சந்தில் வேறு வீடு எரியவில்லை.

மறுநாள் காலையில் அப்பா ஈரச் சாம்பலைக் கிளறினார். டப்பா கிடைத்தது. அதன் அடியில் உருகி ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி மோந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கையக் காட்டு" என்றார். இரண்டு கையையும் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார். காயம் இருக்கிறதா என்று பார்க்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். என் நகக்கண்ணில் வெள்ளை ராவுத்தூள் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். கையை விட்டுவிட்டு, நடந்துபோய் டப்பாவைச் சாக்கடையில் எறிந்தார். திரும்பி வரவே நேரமாயிற்று.

ஆஸ்பத்திரியில் அத்தையின் இரண்டு கைக்கும் முழங்கைவரை கட்டு. இடது கன்னத்திலும் பட்டிருந்தது. அம்மா ஸ்பூனால் கஞ்சி ஊட்டும்போது அத்தை சொன்னாள்: "மைனி, அன்னைக்கு நான் வீட்டுக்குத் தூரம். காலையிலயே ஆயிட்டு. மாப்பிள்ளை வீட்டுல வாராவளேன்னு மறைச்சிட்டேன். தீட்டோட வெளக்குத் தொட்டேன். அதான் ஆத்தா கையப் பிடிச்சுக் காட்டிட்டா."

அம்மா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா கதவுப் பக்கம் நின்றிருந்தார். அவர் வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. அறைக்குள் தகடு வைத்திருந்தது தெரிந்தால் அறையும் போகும், தொழிலும் போகும், என் பெயரும் வெளியே வரும். தங்கச்சி ஏற்கெனவே தன்மேல் போட்டுக்கொண்ட பழி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். இது நான் பிற்பாடு யோசித்துக் கண்டது. நானும்தான் அங்கே கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "எங்க வீட்டுக்கு வாரதுக்கு முந்தியே ஆத்தா அடையாளம் காட்டிட்டா. அந்தமட்டுக்கும் புண்ணியம்." அத்தைக்கு வேறு இடமும் வரவில்லை. மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் நாற்பது வருஷம் அடுப்படி வேலை செய்தாள். நெருப்புக்குப் பயப்பட மாட்டாள். "அடுப்புத் தீ வேற, சாமித் தீ வேற" என்பாள். ஆனால் கோவில் வாசல் மிதித்ததில்லை, கற்பூரம் தொட்டதில்லை. கோவில் இருக்கிற தெருவில் எதிர்ப்புறமாகவே நடப்பாள். என் கல்யாணத்தில் ஆரத்தி எடுக்கிற நேரம் சமையல்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். முதலில் பயத்தில் சொல்லாமல் இருந்தேன், பிறகு கூச்சத்தில். அப்புறம் அது பழசாகிப்போயிற்று. அம்மனுக்குப் பொய்க் கற்பூரம் கொடுத்தவள் நான் என்பதை அறுபது வருஷத்துக்கு மேல் எனக்குள்ளேயே வைத்திருந்தேன்.

அதனால்தான் மகன் சாதாரணமாக "நெஜ கபூர்" என்று சொன்னபோது நான் உட்கார்ந்துவிட்டேன். அது பொய்யே இல்லை. அத்தைமேலும் குற்றம் இல்லை. அவள் உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. டோம்பிவிலியில் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருக்கிறாள். மகனுக்குத் தெரியாமல் கத்தியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் குர்லாவில் ரயில் மாறிப் போனேன்.

"ஏட்டி, தனியாவா வந்த? கூட்டத்துல எவனாவது தள்ளிவிட்டா ஒம் மவன் என்னைல்லா கேப்பான்."

"மத்தியானம் கூட்டம் இல்ல அத்தை."

கத்தியை எடுத்து வைத்தேன். மடங்காத விரல்களால் அதைப் புரட்டினாள். அலகைப் பார்க்கவே இல்லை. பிடியின் நுனியைத்தான் பார்த்தாள். "செரட்டை. அண்ணன் வேலைலா இது."

"பெருவிரல வச்சுத் தேச்சு மோந்து பாருங்க."

வெந்து ஆறின தோல், வழவழவென்று இருக்கும். சூடு ஏற நேரம் பிடித்தது. மோந்தாள். மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டப்பாவில் போட்டது நான்தான். நீங்கள் தூரமாக இருந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அப்பாவுக்கும் தெரியும். தகட்டுக்குள்ளேயும் கற்பூரம்தான் இருக்கிறதாம்.

திட்டுவாள் என்று இருந்தேன். அழுவாள் என்று இருந்தேன். அவள் கணக்குத்தான் கேட்டாள்.

"மூணு வெள்ளியுமா?"

"மூணு வெள்ளியும்."

"மொத ரெண்டும்?"

"ஆமா அத்தை."

"அப்ப அன்னைக்கு எம் மேல வந்தது யாருட்டி?"

குற்றத்தை இறக்கி வைக்கத்தான் போனேன். அந்தக் குற்றத்தோடு சேர்த்து அவள் இன்னொன்றையும் வைத்திருந்தாள் என்று எனக்கு அதுவரை உறைக்கவில்லை. அம்மன் ஒரு தரம் அவளைத் தேடி வந்திருக்கிறாள். கோபித்துக்கொண்டு போனாலும், வந்தது வந்ததுதான். வேறு யாரும் அவளைத் தேடி வந்ததில்லை.

"பாக்குவெட்டிய எடு" என்றாள். பிடியின் ஓரத்தில் மிளகளவு நறுக்கினாள். எவர்சில்வர் மூடியில் வைத்து, தானே தீக்குச்சி கிழித்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று யோசிப்பதற்குள் அது பற்றிக்கொண்டது. அதே வெள்ளை, அதே சீறல். அத்தையின் முகத்தில் இருபது வயது தெரிந்தது. நெருப்பு அடங்குவதற்குள் இரண்டு கையையும் அதன்மேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அவதான்" என்றாள். "நீ என்ன போட்டா என்ன. அவதான் வந்தா."

கிளம்பும்போது கத்தியை எடுக்கக் கை நீட்டினேன். "அது இருக்கட்டும்ட்டி" என்றாள். ரயிலில் தொலைந்துபோயிற்று என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் செய்கிறேன். முதல் வாரம், "நல்லா இருக்கேன்" என்று வைத்துவிட்டாள். அடுத்த வாரம், "இன்னைக்கு எவ்ளோ ஒசரம் வந்தா தெரியுமா" என்றாள். இப்படியே சில மாதம் ஓடி, போன வெள்ளி போனில் வேறு குரல்கள் கேட்டன. பெண்கள் குரல், சிரிப்பு, ஒரு குழந்தை.

"யாரு அத்தை?"

"மாடியில உள்ளவளுவ. ரெண்டு மூணு பேரு பாக்கணும்னாளுவ. வாசல்ல நிக்காளுவ. நீ போன வை."

"அத்தை" என்றேன். கொஞ்சமாக வையுங்கள், கையில் பிடிக்காதீர்கள், தட்டைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள் என்றெல்லாம் சொல்ல இருந்தேன். அந்தப் பெண்களுக்குக் கேட்குமே என்று வாய் வரவில்லை. அவள் வைத்துவிட்டாள்.

அந்தக் கத்திப் பிடியின் நீளத்தை மேஜைமேல் விரலால் அளந்து பார்த்தேன். வாரத்துக்கு ஒரு துண்டு, அதுவும் வரவரப் பெரிசாக வைப்பாள் என்று வைத்துக்கொண்டால், பிடியின் ஒரு பக்கத் தகடு முடிந்திருக்கும். இன்னொரு பக்கம் முழுசாக இருக்கிறது.